தூங்கா நகரத்தில் ஒரு தூக்கக் கடிகாரம்

எங்கள் மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. இன்று நேற்று வந்த கீர்த்தி இல்லை இது. பகலில் கூடும் நாளங்காடி, இரவில் கூடும் அல்லங்காடி என்று இரண்டு கடைவீதிகளைப் பற்றி மதுரைக்காஞ்சியிலேயே வர்ணனை இருக்கிறது. இப்போதும் நள்ளிரவு தாண்டி ரயிலை விட்டு இறங்கினால் சூடான இட்லி கிடைக்கும். ஊர் அடங்கும் நேரத்தில் சுற்றுவட்டார கிராமங்களில் பூப்பறிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஊர் விழித்திருக்கலாம், சகோதரிகளே. ஊரில் குடியிருக்கும் நாம் தூங்காமல் இருக்க முடியுமா?

தூக்கத்தைப் பற்றி நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டு ஆண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கினால், "பாவம், வாரமெல்லாம் அலுப்பு" என்கிறோம். மருமகள் ஏழு மணிக்கு எழுந்தால், "விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இன்னும் என்ன தூக்கம்?" பத்தாவது படிக்கும் பிள்ளை காலையில் எழவில்லையென்றால் 'சோம்பேறி'. ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பால் கொடுத்தவள் மத்தியானம் தலைசாய்த்தால் 'சொகுசு'. ஆகக் கூடி, தூக்கம் என்பது குணத்தைச் சேர்ந்த விஷயம் என்று முடிவு கட்டிவிட்டோம்.

உண்மையில் அது மூளையைச் சேர்ந்த விஷயம். மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நம் திட்டுக்கும் கெஞ்சலுக்கும் அது மசியாது. ஆனால் அதற்குப் புரிகிற பாஷை ஒன்று இருக்கிறது. அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து தேனி ரோட்டில் போனால் வருகிறதே, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அங்கேயே அதைப் பற்றி உலகம் திரும்பிப் பார்த்த ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. 2009-ல் காலமான பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் செய்தவை. நம் பக்கத்து ஊர்ச் சங்கதி, நமக்கே அதிகம் தெரியாது!

அழகர் ஆற்றில் இறங்கும் இரவு

முதலில் உங்களுக்கே தெரிந்த ஓர் அனுபவம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவை. ராத்திரி முழுக்க ஜனங்கள் விழித்திருப்பார்கள். விடிந்தால் ஆற்றில் இறங்கும் வைபவம். நாங்களும் குடும்பத்தோடு போயிருக்கிறோம்.

பதினோரு மணிக்கு உற்சாகமாக இருப்போம். இரண்டு மணிக்குக் கொட்டாவி. நாலு மணிக்கு நின்றபடியே கண் சொக்கும், உடம்பு லேசாகக் குளிரும். "போதும்டா சாமி, வீட்டுக்குப் போயிரலாம்" என்று தோன்றும். ஆனால் எட்டு மணிக்கு? இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கிறோம், அலுப்பும் கூடியிருக்கிறது. நியாயப்படி பார்த்தால் தூக்கம் இன்னும் ஜாஸ்தியாக அல்லவா வர வேண்டும்? வருவதில்லை. ஓரளவு தெளிந்து, நடந்து, மோர்ப் பந்தல் தேடிப் போகிறோம்!

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. தூக்கத்துக்கு ஒரே ஒரு காரணம் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டே போகும் தூக்கக் கடன். மற்றொன்று, நாம் தூங்கினோமா இல்லையா என்று பாராமல், 'இது இரவு, இது பகல்' என்று தன் போக்கில் அடிக்கும் மூளைக் கடிகாரம். காலை எட்டு மணிக்குக் கடன் ஏறித்தான் இருக்கும். ஆனால் கடிகாரம் 'பகல் வந்துவிட்டது' என்று மணியடித்து நம்மைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துத் தூக்கத்தை விளக்கியவர் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி அலெக்ஸாண்டர் போர்பே. அது 1982-ஆம் வருஷம்.

சமணர் மலை வௌவால்கள்

கடிகாரம் என்றால் அதற்குச் சாவி கொடுப்பது யார்? சூரியனா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மதுரை விஞ்ஞானிகள் போன இடம் ஒரு குகை.

நாகமலையை ஒட்டிய கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. நீங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள குகைகளில் பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் குடியிருந்தன. பொழுது சாய்ந்ததும் இரை தேடக் கிளம்பி, விடியுமுன் திரும்பிவிடும். குகையின் உள்பகுதியில் எந்நேரமும் இருட்டு. அப்படியானால், பொழுது சாய்ந்தது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

1970-களின் பிற்பகுதியில் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ், சந்திரசேகரன் மூவரும் சில வௌவால்களைக் கூண்டில் விட்டு, வெளிச்சம் எட்டாத குகைக்குள் வைத்துக் கவனித்தார்கள். மற்ற வௌவால்கள் குகைக்குள் சுதந்திரமாகப் போய் வந்துகொண்டிருந்தன. கூண்டில் இருந்தவையோ வானத்தைப் பார்க்கவே முடியாது. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகக் கூண்டுக்குள் சிறகடிக்கத் தொடங்கின! சுற்றத்தாரின் போக்குவரத்தை வைத்தே நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டன.

இப்போது, வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தால்? அப்போதும் சிறகடிப்பதும் ஓய்வதும் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் வெளி உலகத்தின் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போயின. ஆக, கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. யாரும் சாவி கொடுக்காமலே ஓடும். ஆனால் நேரத்தைத் திருத்தி வைக்க வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வேண்டும்.

அந்தச் சமிக்ஞைகளில் மிக வலுவானது வெளிச்சம். 1984-ல் டி. எஸ். ஜோஷியும் சந்திரசேகரனும் இதே இன வௌவாலை வைத்து வியப்பான ஒன்றைக் கண்டார்கள். அரை மில்லி செகண்டு, அதாவது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் பளிச்சென்று ஒரு வெளிச்சம் காட்டினாலே போதும், அந்தக் கடிகாரம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடுகிறது! மனுஷர்களுக்கு இன்னும் அதிக வெளிச்சம், இன்னும் அதிக நேரம் வேண்டும்; ஆனால் விதி ஒன்றுதான்.

அம்மா வந்தால் ஒரு பொழுது, போனால் ஒரு பொழுது

அடுத்த ஆராய்ச்சி இளம் தாய்மார்களுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். 1985-ல் 'நேச்சர்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. செய்தவர்கள் என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும்.

நம் வயல்களில் திரியும் சிறு சுண்டெலி தெரியுமல்லவா? அதன் குட்டிகளைப் பகல், இரவு என்ற வெளிச்ச மாற்றமே தெரியாத இடத்தில் வைத்தார்கள். ஆனால் தாயை மட்டும் 12 மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள். அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட்டார்கள். மறுபடி 12 மணி நேரம் கூட, 12 மணி நேரம் இல்லாமல். இப்படியே தினமும்.

குட்டிகளின் உடற்கடிகாரம் அந்தத் தாயின் வரவையும் போக்கையும் வைத்தே 24 மணி நேரக் கணக்குக்கு வந்துவிட்டது. அவற்றுக்குச் சூரியன் உதிப்பதும் மறைவதும் அம்மாதான்!

எலிக்குச் சொன்னதை அப்படியே மனுஷக் குழந்தைக்குச் சொல்லக் கூடாதுதான். ஆனால் 'குழந்தைக்கு நேரம் தெரிவது அம்மாவால்தான்' என்று நம் பாட்டிமார் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது என்றாவது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கடிகாரம் இல்லாத அறை

மனுஷர்களை இப்படிச் சோதிக்க முடியுமா? முடிந்தது. 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கைக்கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14-ந் தேதி அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20-ந் தேதி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்! அதன் பிறகு ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷோஃப் என்ற விஞ்ஞானி, பூமிக்கடியில் வெளிச்சமும் சத்தமும் புகாத அறை கட்டி, பலரை வாரக் கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார்.

அப்படிப்பட்ட அறை ஒன்றை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமைத்தார்கள். உள்ளே கடிகாரம் கிடையாது, ரேடியோ கிடையாது, பத்திரிகை கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. தானாக முன்வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பல நாட்கள் அதில் தங்கினார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம், பசித்தால் சாப்பிடலாம். அவர்கள் எப்போது தூங்கினார்கள், எப்போது எழுந்தார்கள் என்பதை வெளியில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

இத்தகைய அறைகளில் தெரிந்தது என்ன? தூக்கமும் விழிப்பும் குழம்பிப் போகவில்லை. ஒழுங்காகவே மாறி மாறி வந்தன. ஆனால் 'நாள்' என்பது 24 மணிக்குச் சற்று மேலே நீண்டது. சிலருக்கு அது 30, 40 மணி நேரத்தையும் தாண்டியது! அப்படி நீண்டும், அவர்களுக்கு அது ஒரே நாளாகத்தான் தோன்றியது. ஆண்டெக்ஸில் அந்த நீண்ட நாளிலும் மூன்று வேளைதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மதுரை அறையில் தங்கிய ஒரு பெண்ணைப் பற்றி 1991-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவருடைய தூக்க விழிப்பு நாள் தன் போக்கில் போயிற்று. ஆனால் மாதவிலக்கு அதோடு சேர்ந்து இழுபடவில்லை. அது தன் கணக்கில் வந்தது. அதாவது, நம் உடம்பில் ஒரே கடிகாரம் இல்லை. நாளைக் கணக்கிட ஒன்று, மாதத்தைக் கணக்கிட வேறொன்று. பெண் உடம்பு எவ்வளவு நுட்பமாக அமைந்திருக்கிறது பாருங்கள்!

நம்முடைய உள் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 10 நிமிஷத்துக்கு நெருக்கமானது என்று பின்னால் வந்த நுட்பமான அளவுகள் சொல்கின்றன. அந்தச் சில நிமிஷத்தைத் தினமும் காலை வெளிச்சம் திருத்தி வைக்கிறது. திருத்தாமல் விட்டால் தூக்க நேரம் நாளுக்கு நாள் பின்னால் நகரும்.

மூளையில் அது எங்கே இருக்கிறது?

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அதற்குச் சற்று மேலே, ஹைபோதலாமஸ் என்ற பகுதியில், அரிசிமணியைவிடச் சிறியதாக இரண்டு நரம்பணுக் கொத்துகள் இருக்கின்றன. அதுதான் தலைமைக் கடிகாரம். 1972-ல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். எலியின் மூளையில் அதை அழித்துவிட்டால் எலி தூங்கும், விழிக்கும். ஆனால் நேரங்கெட்ட நேரத்தில்.

வெளிச்சம் பட்டதும் கண்ணிலிருந்து நேரே இந்தக் கொத்துக்குத் தகவல் போகிறது. இருட்டியதும் இது பீனியல் என்ற சுரப்பிக்கு அனுமதி கொடுக்கிறது. பீனியல் 'மெலடோனின்' என்ற ஹார்மோனைச் சுரந்து, 'இரவு வந்துவிட்டது' என்று உடம்பு முழுவதற்கும் சேதி அனுப்புகிறது. அந்நேரம் பளீரென்று விளக்கைப் போட்டால் சுரப்பு குறைந்துவிடும்.

தூங்கவைக்கும் இடமும் எழுப்பிவிடும் இடமும் தனித்தனி. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சல் பரவியது. சிலர் ஓயாமல் தூங்கினார்கள். சிலர் தூக்கமே இல்லாமல் தவித்தார்கள். வியன்னா டாக்டர் கான்ஸ்டன்டின் வான் எகோனமோ இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார். ஓயாமல் தூங்கியவர்களுக்கு ஹைபோதலாமஸின் பின்பகுதி கெட்டிருந்தது. தூங்க முடியாதவர்களுக்கு முன்பகுதி. முன்னால் இருப்பது தூங்கவைக்கும் பகுதி, பின்னால் இருப்பது விழிக்கவைக்கும் பகுதி என்று தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கும், ஊஞ்சற்பலகை மாதிரி. ஒன்று எழும்பினால் மற்றது தாழும். அதனால்தான் பாதித் தூக்கம், பாதி விழிப்பு என்று தொங்கிக்கொண்டிராமல், படுத்துச் சிறிது நேரத்தில் 'டக்'கென்று தூங்கிப்போகிறோம்.

சரி, அந்தத் தூக்கக் கடன்? மூளை வேலை செய்யச் செய்ய 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது கூடக்கூடக் கண் சொக்கும். தூங்கினால் குறையும். நம் காபியில் இருக்கிற கஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு மூளையை ஏமாற்றுகிறது. கடன் அடைவதில்லை, கடன்காரன் வாசலில் நிற்கிறான்; நாம்தான் கதவைச் சாத்திக்கொண்டு இல்லையென்று சொல்கிறோம்!

"எம் புள்ளைக்கு ராப்பகலே தெரியலக்கா!"

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறு வாரக் குழந்தை. ஒருநாள் துணி உலர்த்த வந்தவள் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதுவிட்டாள்.

"எம் புள்ளைக்கு ராப்பகலே தெரியலக்கா. பகல்ல தூங்குறான், ராத்திரி முழுக்க முழிக்கிறான். மத்தியானம் கண்ணு அசந்தா, 'பச்சப்புள்ளக்காரி இப்புடித் தூங்கலாமா'ன்னு அத்தை கேக்குறாங்க."

அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. குழந்தைக்கு நிஜமாகவே ராப்பகல் தெரியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14-லிருந்து 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. கடிகாரம் இருக்கிறது, இன்னும் சரியாக ஓடப் பழகவில்லை. இரண்டு மூன்று மாதத்தில்தான் பகல், இரவு என்ற ஒழுங்கு தென்படத் தொடங்கும். வயிற்றில் இருந்தவரை தாயின் மெலடோனின் அதற்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போதும் ராத்திரி சுரக்கும் தாய்ப்பாலில் அந்த மெலடோனின் இருக்கிறது. பகற்பாலில் மிகக் குறைவு. பாலிலேயே நேரம் எழுதி அனுப்புகிறாள் தாய்!

நான் அவளுடைய மாமியாரிடம் போனேன். நல்ல மனுஷி, கோபம் வேறு, பிரியம் வேறு. "பெரியம்மா, உங்க பேரனுக்கு மணி பாக்கத் தெரியலையாம். நாமதான் சொல்லித்தரணும்" என்று சிரித்தபடி ஆரம்பித்தேன்.

"அதுக்கு நான் என்னம்மா செய்யணும்?" என்றார்.

"காலையில எந்திரிச்சதும் புள்ளைய வாங்கி வாசல் வெளிச்சத்துல வச்சிருங்க. பகல்ல வீட்டுச் சத்தம் இருக்கட்டும், சன்னல் திறந்து கிடக்கட்டும். ராத்திரி பால் குடுக்கும்போது மட்டும் சின்ன விளக்கு, பேச்சு வேணாம். காலையில அந்த ரெண்டு மணி நேரம் உங்க மருமக தூங்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்துல எங்களை யாரு தூங்க விட்டா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, ஆற்றாமை. ஒரு தலைமுறைக்குக் கிடைக்காத தூக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது லேசான காரியமா? ஆனால் கொடுத்தார். மறுநாளிலிருந்து காலையில் பேரன் பாட்டி மடியில், வாசற்படியில். குழந்தை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. அதற்கு அதன் நேரம் வேண்டும். தாயின் முகம்தான் முதலில் மாறியது.

இரவில் உழைக்கிறவர்கள்

எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டுவரும் அம்மா திருமங்கலம் பக்கத்துக் கிராமம். மல்லிகையை மொட்டாகவே பறிக்க வேண்டும். அதனால் இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் இறங்கிவிடுவார்களாம். "படுக்கும்போது பத்து மணி ஆயிருது தாயி, மூணு மணிக்கு எந்திரிக்கணும்" என்றார் ஒருநாள். நம் தலையில் மணக்கும் முழம் பூவில் யாரோ ஒருத்தியின் இரண்டு மணி நேரத் தூக்கம் கட்டியிருக்கிறது.

மில்லில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கும் இதே சங்கடம். உடம்பின் உஷ்ணம் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலை நாலு, ஐந்து மணியை ஒட்டி. கடிகாரம் 'தூங்கு' என்று அழுத்திச் சொல்லும் நேரம் அது. பகலில் வந்து படுத்தால் 'எழுந்திரு' என்கிறது. அதனால்தான் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைப் போல் நீடிப்பதில்லை. அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், வேலை முடிந்து வந்ததும் படுக்க ஓர் அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். சன்னலுக்குத் தடித்த துணி, ஓடட்டும் ஃபேன், மிக்ஸி கொஞ்சம் பொறுக்கட்டும். அவர் மனைவியாக இருந்தாலும், கணவராக இருந்தாலும் இதே மரியாதைதான்.

நாம் செய்யக் கூடியவை

மூளைக் கடிகாரத்துக்கு வேண்டியதெல்லாம் தினமும் தவறாத சமிக்ஞை. செலவில்லாதவை இவை:

* தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போட வேண்டாம்.

* எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி, பெரிய வித்தியாசமில்லாமல் உதிக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போடும் அந்த இருபது நிமிஷம் மூளைக்கும் கோலம் போடுவது மாதிரிதான். அடுப்படி ட்யூப்லைட் அதற்கு ஈடாகாது.

* இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள். படுக்கையில் செல்போன் வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு முகத்துக்கு நேரே இன்னொரு விளக்கைப் பிடிப்பானேன்?

* குடித்த காபியில் பாதிக் கஃபீன் உடம்பைவிட்டுப் போகவே ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக் காபி பதினோரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மத்தியானத்தோடு நிறுத்துவது நல்லது.

* மத்தியானத் தூக்கம் குற்றமில்லை. மூன்று மணிக்குள், இருபது முப்பது நிமிஷம். அதற்கு மேல் போனால் ராத்திரிக் கடன் குறைந்து, படுத்தால் தூக்கம் வராது. கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், கிடைத்தபோதெல்லாம் தூங்கட்டும்.

* பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் பிள்ளைகளின் கடிகாரமே சற்றுத் தாமதமாக ஓடும். பதினொன்றாம் வகுப்புப் பையன் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் பொய் சொல்லவில்லை. திட்டுவதைவிடக் காலையில் மாடிக்கு அனுப்பி வெயில் படவிடுங்கள்.

* குழந்தை தூங்குவதற்காகச் சளி மருந்தையோ வேறு எந்த மருந்தையுமோ கொடுக்கவே கூடாது. நீங்களும் பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

டாக்டரிடம் எப்போது?

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தூக்கம் வராமல், அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். குறட்டை பலமாக இருந்து, இடையில் மூச்சு நின்று நின்று வந்தால் காத்திருக்கவே வேண்டாம். குறட்டை ஆண்களுக்கு மட்டும் வருவது இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும். படுத்ததும் கால் குடைந்து, அசைக்காமல் இருக்க முடியவில்லையென்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

முக்கியமான ஒன்று. பிரசவித்த பெண், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமல் கண் விழித்துக் கிடந்தால், காரணமில்லாமல் அழுதால், குழந்தையின் மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், அது அலுப்பு இல்லை, அடமும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

ஒருவேளை இதைப் படிக்கும் நீங்கள் ஒரு மாமியாராக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், கணவரிடம் இந்தப் பக்கத்தை நீட்டப் போகும் மனைவியாகவும் இருக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது போல, எல்லாரும் தூங்கிய பிறகு படுத்து, எல்லாருக்கும் முன்னால் எழுவதும் நம் வழக்கமாகிவிட்டது. மிச்சச் சோற்றையாவது பகிர்ந்துகொள்ளலாம். தூக்கத்தில் மிச்சம் என்று எதுவும் இல்லை. இன்று ராத்திரி பாத்திரத்தில் பாதியை மற்றவர் கழுவட்டும். நீங்கள் விளக்கை அணையுங்கள்.